“கடுவன் நாய்தானே, எங்களுக்கென்ன?”

எமது ஊர்களில் நாய் இல்லாத வளவைக் காண்பது அரிது. எஞ்சிய சோற்றையும் மீன் தலையையும் தின்றுவிட்டு முற்றத்தில் படுத்திருக்கும் ஊர் நாயை எவரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. அதன் பரம்பரையைக் கேட்டதுமில்லை. ஆனால் கடந்த சில வருடங்களாக நிலைமை மாறி வருகின்றது. அல்சேஷன், லப்ரடோர், ரொட்வைலர், பொமரேனியன் என்று இனப் பெயர் சொல்லிக் குட்டி வாங்குவது ஒரு காலத்தில் நகரத்து வசதி படைத்தோரின் பழக்கமாக இருந்தது. இன்று சாதாரண குடும்பங்களிலும் அது பரவியுள்ளது. வெளிநாட்டில் உழைக்கும் கணவன் அனுப்பிய காசு, சீட்டுப் பணம், சில வேளைகளில் நகையை அடகு வைத்துப் பெற்ற பணம் என்று எதையாவது கொடுத்துக் குட்டியை வீட்டுக்குக் கொண்டு வருகின்றனர்.

அவ்வாறு வரும் குட்டி பெரும்பாலும் கடுவனாகவே இருக்கும். “பெட்டை என்றால் குட்டி போட்டுத் தொல்லை, கடுவன் என்றால் காவலுக்குக் காவல், வருமானத்துக்கு வருமானம்” என்பது பலரின் கணக்கு. குட்டி வளர்ந்து ஒரு வயதை எட்டுமுன்னரே, பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் “உங்கட நாயை ஒருக்கா குறோஸ் பண்ணத் தருவீங்களா?” என்று கேட்டு வருவார்கள். பணமோ அல்லது பிறக்கும் குட்டிகளில் ஒன்றோ தருவதாகச் சொல்வார்கள். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். எமது நாய்க்கு நட்டமில்லை, எமக்கும் செலவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கின்றது என்றே பலரும் நினைக்கின்றனர்.

யோசிக்க நிறைய இருக்கின்றது. நான் சமூக சேவை உத்தியோகத்தராகப் பணியாற்றுபவள். குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றிப் பேச வீடு வீடாகச் செல்லும்போது ஆடு, கோழி, தையல் இயந்திரம் ஆகியவற்றுடன் இப்போது நாயும் வருமான வழியாகப் பேச்சில் வருகின்றது. நாயை வாங்குவது கணவனாகவோ மகனாகவோ இருக்கலாம். அதற்குச் சோறு வைப்பதும், மலம் அள்ளுவதும், குட்டிகள் பிறந்தால் இரவில் எழுந்து பார்ப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஆகவேதான் இவ்விடயத்தைப் பெண்களுக்கான ஒரு சஞ்சிகையில் எழுதுவது பொருத்தமெனக் கருதுகின்றேன்.

இரண்டு வீடுகள், ஒரு கணக்கு

நான் செல்லும் கிராமமொன்றில் ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடுகள். ஒன்றில் அல்சேஷன் கடுவன். மற்றதில் அதே சாயல் கொண்ட பெட்டை. இரு வீட்டாரும் பேசி நாய்களைச் சேர்த்தார்கள். ஏழு குட்டிகள் பிறந்தன. மூன்று கடுவன், நான்கு பெட்டை. பேசியபடி நல்ல கடுவன் குட்டியொன்று முதல் வீட்டுக்குச் சென்றது. அவர்கள் அதை நல்ல விலைக்கு விற்றார்கள். மற்ற இரு கடுவன் குட்டிகளும் விற்பனையாகின. நான்கு பெட்டைக் குட்டிகளையும் எவரும் கேட்கவில்லை. இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லியும் வந்தவர்கள் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

நான்கு குட்டிகளுக்கும் பால்மா, சோறு, பூச்சி மருந்து என்று செலவு ஏறியது. கிடைத்த பணம் அதிலேயே கரைந்தது. வீட்டில் சண்டை மூண்டது. ஒருநாள் விடியுமுன் கணவர் நான்கு குட்டிகளையும் காட்போட் பெட்டியில் போட்டுச் சந்தைக்குப் பின்புறம் வைத்துவிட்டு வந்தார். அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: “மூண்டு நாள் தாய் நாய் சாப்பிடேல்ல மிஸ். பால் கட்டி, முலையெல்லாம் வீங்கி, வளவு முழுக்கத் தேடித் திரிஞ்சது. மூத்த மகள் கேட்டாள், ‘பொம்பிளைக் குட்டியெண்டா ஏனம்மா ஒருத்தருக்கும் வேண்டாம்?’ எண்டு. நான் என்ன சொல்லுறது?”

அதே ஒழுங்கையில் கடுவன் வளர்க்கும் வீட்டுக்குச் சென்று இதைப் பற்றிப் பேசினேன். அந்த அக்கா கொடியவரல்லர். தன் நாயைப் பிள்ளையைப் போலப் பார்ப்பவர். ஆயினும் அவருடைய பதில் இதுதான்: “எங்கட நாய் கடுவன்தானே மிஸ், எங்களுக்கென்ன?”

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. பொறுப்பை எல்லாம் பெற்றவளின் தலையில் சுமத்திவிட்டு, மற்றவர் கைகழுவிக்கொள்ளும் வழக்கம் மனிதருக்குள் எவ்வளவு ஆழமாக இருக்கின்றதோ, அதையே நாம் நாய்க்கும் பொருத்துகின்றோம். ஆனால் ஏழு குட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் பாதிப் பொறுப்பு அந்தக் கடுவனின் வீட்டுக்கும் உரியது. கடுவன் நாயை வளர்ப்பவர் இனப்பெருக்கத்துக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்களைக் கீழே தருகின்றேன்.

“ஒரு தடவையாவது சேர விட வேண்டும்” என்பது உண்மையா?

கடுவன் நாயை ஒரு தடவையாவது சேர விடாவிட்டால் அதற்கு விசர் பிடிக்கும், நோய் வரும், முரட்டுத்தனம் கூடும் என்று பலர் நம்புகின்றனர். இது தவறான நம்பிக்கை. விசர்நாய்க்கடி நோய் ஒரு வைரஸினால் வருவது. பெரும்பாலும் நோயுற்ற விலங்கு கடிப்பதால் தொற்றுவது. சேர்க்கைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு கடுவன் வாழ்நாள் முழுவதும் சேராமலேயே பூரண சுகத்துடன் வாழ முடியும்.

சேர விட்டால் நாய் அடங்கும் என்பதும் சரியல்ல. பழகிய பின் சில நாய்கள் முன்னரைவிட அதிகமாக வேலி பாய முற்படும். வீட்டுச் சுவர், கதவு, வாகனச் சில்லு என்று எங்கும் சிறுநீர் தெளித்து எல்லை குறிக்கும். அயலில் பெட்டை பருவத்துக்கு வந்தால் சாப்பாட்டையும் மறந்து ஊளையிடும். நாயின் சுகத்துக்காகச் சேர்க்கின்றோம் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. சேர்ப்பதாயின் அது எமது விருப்பத்துக்காகவே என்பதை முதலில் ஏற்றுக்கொள்வோம்.

எந்த நாயைச் சேர்க்கக் கூடாது?

வயது: கடுவன் நாய்கள் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் குட்டிகளுக்குத் தந்தையாகும் ஆற்றலைப் பெறுகின்றன. ஆற்றல் வந்துவிட்டது என்பதற்காக வயது வந்துவிட்டது என்று பொருளல்ல. அல்சேஷன், லப்ரடோர், ரொட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுச் சரியாகப் பொருந்தாத பரம்பரைக் குறைபாடு காணப்படுகின்றது. குட்டியாக இருக்கும்போது ஓடி விளையாடும் நாய், வளர்ந்த பின் பின்னங்கால்களை இழுத்து நடக்கும். எக்ஸ்ரே எடுத்து இதை உறுதியாகச் சொல்ல நாய்க்கு ஏறத்தாழ இரண்டு வயது ஆக வேண்டும். ஆகவே பெரிய இன நாயை இரண்டு வயது வரை சேர்க்காமல் இருப்பதே நன்று.

விதைகள்: கடுவனின் இரு விதைகளும் விதைப்பையினுள் இறங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான குட்டிகளில் இரண்டு மாத வயதுக்குள் இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் ஒன்றேனும் இறங்காவிட்டால் அது குறைபாடே. அவ்வாறான நாய் தந்தையாக முடியும் என்றாலும், அக்குறைபாடு பரம்பரையாகக் குட்டிகளுக்குச் செல்லும். வயிற்றுக்குள் தங்கிய விதையில் பிற்காலத்தில் புற்றுக் கட்டி தோன்றும் அபாயமும் கூடுதல். இத்தகைய நாயைச் சேர்க்காமல், மிருக வைத்தியரிடம் காட்டிச் சத்திரசிகிச்சை செய்வதே சரியான வழி.

குணம்: காரணமின்றிச் சிறுபிள்ளைகளைக் கடிக்கப் பாயும் நாய், சிறிய சத்தத்துக்கும் பயந்து நடுங்கிக் கடிக்கும் நாய் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம். குணம் வளர்ப்பினால் மட்டும் வருவதல்ல. பரம்பரையும் அதில் பங்கு வகிக்கின்றது. “கடிக்கிற நாய்தான் நல்ல காவல்” என்று அதன் குட்டிகளைக் கேட்டு வருபவர்களின் வீட்டிலும் தவழும் குழந்தைகள் இருப்பார்கள்.

உறவு: ஊரில் நல்ல கடுவன் ஒன்று இருந்தால் சுற்றியுள்ள பெட்டைகள் எல்லாம் அதனிடமே வரும். சில வருடங்களில் அதன் மகளோ பேத்தியோ அதே கடுவனிடம் கொண்டுவரப்படலாம். நெருங்கிய உறவில் பிறக்கும் குட்டிகளில் பரம்பரை நோய்கள் வெளிப்படும் சாத்தியம் அதிகம். எந்தப் பெட்டையுடன், எந்தத் திகதியில் சேர்த்தோம், எத்தனை குட்டிகள், அவை எங்கே சென்றன என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பது அவசியம்.

தொற்றும் நோய்கள்

கடுவனுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்ற எண்ணம் முற்றிலும் தவறு. சேர்க்கையினால் தொற்றும் இரு நோய்களைப் பற்றி ஒவ்வொரு நாய் வளர்ப்பாளரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பாலுறுப்பில் உண்டாகும் தொற்றுப் புற்றுக் கட்டி. நாய்கள் கட்டில்லாமல் திரியும் வெப்ப நாடுகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. நோயுற்ற நாயின் கட்டியிலுள்ள கலங்களே மற்ற நாயில் ஒட்டி வளர்கின்றன. சேர்க்கையினால் மட்டுமன்றி, நக்குவதாலும் முகர்வதாலும் மூக்கிலும் வாயிலும் கூட இது வரலாம். பூக்கோவா போன்ற சிவந்த கட்டியும், துளித்துளியாக இரத்தம் வடிதலும் இதன் அறிகுறிகள். பெட்டையில் இந்த இரத்தத்தைப் பார்த்துப் பருவத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துக் கடுவனிடம் கொண்டு வருபவர்களும் உள்ளனர். நல்ல செய்தி என்னவென்றால், வின்கிறிஸ்டின் என்ற ஊசி மருந்தை வாரத்துக்கு ஒரு தடவை சில வாரங்கள் ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் குணமடைகின்றன. ஆனால் அதற்கான செலவும் அலைச்சலும் கடுவன் வீட்டாரையும் சேர்ந்ததுதான்.

இரண்டாவது, புரூசெல்லா பற்றீரியாவினால் வரும் நோய். பெட்டையில் சினை கலையும். பெரும்பாலும் சினைக்காலத்தின் பிற்பகுதியில் குட்டிகள் இறந்து விழும். கடுவனில் விதை வீங்கும். பின்னர் சுருங்கி மலட்டுத்தன்மை ஏற்படும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலும் இருக்கலாம். அன்ரிபயோட்டிக் மருந்துகளாலும் இதை முழுமையாக நீக்குவது கடினம். தொற்றிய நாயை ஒருபோதும் மீண்டும் சேர்க்கக் கூடாது. இந்நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. கலைந்த குட்டிகளையும் அழுக்கையும் வெறுங்கையால் துப்புரவு செய்பவர் யார்? வீட்டுப் பெண்ணேயன்றோ! கையுறை அணியாமல் அதைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள் அவ்வேலையிலிருந்து முற்றாக விலகியிருக்க வேண்டும்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் இரு நாய்களையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். புரூசெல்லாவுக்கான இரத்தப் பரிசோதனை பற்றி வாய்திறந்து கேளுங்கள். இரு நாய்களுக்கும் விசர்நாய்க்கடி, டிஸ்டெம்பர், பார்வோ தடுப்பூசிகள் ஏற்றப்பட்டதற்கான அட்டையைப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் சேர்க்கையும் இல்லை என்று உறுதியாகச் சொல்வதில் வெட்கமில்லை. அண்மையில் கடுங்காய்ச்சல் கண்டு தேறிய கடுவனின் விந்து சில காலம் வளமற்றதாக இருக்கலாம். புதிய விந்தணுக்கள் உருவாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் செல்லும் என்பதால் அதுவரை காத்திருப்பது நல்லது.

சேர்க்கும் நாட்களில்

பெட்டை நாய் ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். அது சுமார் மூன்று வாரங்கள் நீடிக்கும். முதல் ஒன்பது நாட்களளவில் உறுப்பு வீங்கி இரத்தம் வடியும்; அப்போது அது கடுவனை ஏற்காது. அதன் பின் வடிதல் வெளிறி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்கும் நாட்களே உரியவை. ஒவ்வொரு நாய்க்கும் இந்நாட்கள் வேறுபடும். முதற் பருவத்திலேயே பெட்டையைச் சேர்க்கக் கேட்டு வந்தால் மறுத்துவிடுங்கள். அது வளர்ச்சி முற்றுப்பெறாத தாய்.

வழமையாகப் பெட்டையைக் கடுவன் இருக்கும் வீட்டுக்கே கொண்டு வருவார்கள். தன் இடத்தில் கடுவன் தடுமாறாது என்பதே காரணம். அமைதியான ஓரிடத்தில், இரு வீட்டாரில் ஒவ்வொருவர் மட்டும் நின்றால் போதும். பெட்டை உறுமிக் கடிக்க முற்பட்டால் வாயைக் கட்டி வற்புறுத்தாதீர்கள். நாள் தவறியிருக்கலாம், அல்லது அதற்கு விருப்பமில்லாதிருக்கலாம். ஒரு நாள் இடைவெளிவிட்டு இரு தடவைகள் சேர்ப்பது போதுமானது.

சேர்க்கையின்போது கடுவனின் உறுப்பின் அடிப்பகுதி பெட்டையின் உடலினுள் வீங்கிப் பூட்டிக்கொள்ளும். கடுவன் திரும்பி, இரண்டும் பின்புறம் ஒட்டியபடி எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். இது பத்து நிமிடம் முதல் அரை மணித்தியாலம் வரை, சில வேளை அதற்கும் மேல் நீடிக்கும். இது இயற்கை, ஆபத்தல்ல. இந்நேரத்தில் இழுப்பது, தடியால் அடிப்பது, தண்ணீர் ஊற்றுவது போன்ற செயல்களால் இரு நாய்களுக்கும் உட்காயம் ஏற்படும். தெருவில் இவ்வாறு நிற்கும் நாய்களுக்குப் பிள்ளைகள் கல்லெறிவதைக் கண்டால், அது கொடுமை என்று சொல்லிக் கொடுப்பது பெரியவர்களின் கடமை.

சேர்த்து முடிந்த பின்னரும் பெட்டையின் பருவம் உடனே முடிவதில்லை. வேலிக்கு வெளியே விட்டால் வேறு கடுவனும் சேரும். ஒரே ஈற்றில் இரு தந்தையரின் குட்டிகள் பிறப்பதும் உண்டு. “உங்கட நாயின்ர குட்டி மாதிரி இல்லையே” என்ற மனஸ்தாபங்கள் இதனால் வருபவையே. மூன்று வாரம் முடியும்வரை பெட்டையை உள்ளே வைத்திருக்க அந்த வீட்டாரால் முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வாய்ப்பேச்சு போதாது

அயலவர்களுக்கிடையில் எழுத்து எதற்கு என்று நினைக்கலாம். நாய்க்குட்டி ஒன்றினால் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களைக் கண்டவள் என்பதால் சொல்கின்றேன்: ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பணமா, குட்டியா? குட்டியாயின் யார் முதலில் தெரிவு செய்வது? ஒரே ஒரு குட்டி பிறந்தால் என்ன செய்வது? சினைப்படாவிட்டால் அடுத்த பருவத்தில் மீண்டும் சேர்ப்பதா, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா? பரிசோதனைச் செலவு யாருடையது? குட்டி ஈனச் சிரமப்பட்டுச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அச்செலவில் கடுவன் வீட்டார் பங்கு தருவார்களா? எல்லாவற்றிலும் முக்கியமாக, விற்பனையாகாத குட்டிகளுக்கு யார் பொறுப்பு?

கணக்குப் பார்க்கும்போது பெட்டை வீட்டின் செலவையும் சேர்த்துப் பாருங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். அதன்பின் குட்டிகள் குறைந்தது எட்டு வாரம் தாயுடன் இருக்க வேண்டும். அதற்கு முன் பிரிக்கப்படும் குட்டிகள் கடி பழகாமலும் பயந்தும் வளரும். ஆக ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஒரு பெண்ணின் உழைப்பு அதில் இருக்கின்றது. இரண்டு வார வயதிலிருந்து பூச்சி மருந்து, மூன்று நான்கு வாரங்களில் திண்ம உணவு, ஆறு முதல் எட்டு வாரங்களில் முதல் தடுப்பூசி என்று குட்டி ஒவ்வொன்றுக்கும் செலவுண்டு. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாயுணவும் மருந்தும் விலையேறி, சில வேளை கிடைக்காமலே போனதை நாம் மறந்துவிடக் கூடாது. மனிதருக்கே பால்மா இல்லாத நாட்களில் குட்டிகளின் நிலை என்னவாகியிருக்கும்?

பெட்டைக் குட்டிகள் எங்கே செல்கின்றன?

சந்தை, பஸ் நிலையம், வழிபாட்டுத் தலங்களின் வாசல், குப்பை கொட்டும் இடம் ஆகிய இடங்களில் கிடக்கும் குட்டிகளைப் பாருங்கள். பெரும்பாலானவை பெட்டைகளே. பலவும் வாகனத்தில் அடிபட்டும் பட்டினியாலும் இறக்கின்றன. தப்பிப் பிழைப்பவை வருடத்துக்கு இரு தடவைகள் வரை குட்டி போடக்கூடும். ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டையைச் சுற்றிப் பத்துக் கடுவன்கள் தெருவில் சண்டையிடுகின்றன. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையைக் கடிப்பது இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான்.

எமது நாட்டில் 1970களின் தொடக்கத்தில் விசர்நாய்க்கடியால் வருடத்துக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தடுப்பூசித் திட்டங்களினால் அது பெருமளவு குறைந்துள்ளது. ஆயினும் முற்றாக ஒழியவில்லை. இன்னும் ஒவ்வொரு வருடமும் உயிர்கள் பலியாகின்றன. அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இயலாது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறையை அரசு 2006 ஆம் ஆண்டில் நிறுத்தியது. தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையுமே இப்போதைய வழி. ஒரு பக்கம் அரச பணத்தில் தெருநாய்களுக்குச் சத்திரசிகிச்சை நடக்க, மறுபக்கம் நாம் பெட்டிகளில் குட்டிகளைக் கொண்டுபோய் வைத்தால் அந்த வேலை எப்போது முடியும்?

நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, அது சிறு குட்டியாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. நாய்களுக்கான விசர்நாய்த் தடுப்பூசி அரச ஏற்பாட்டில் இலவசமாக ஏற்றப்படுகின்றது. முகாம் நடக்கும் நாளை உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறியலாம். உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1901 ஆம் ஆண்டிலேயே வந்த சட்டம் என்பதையும் நினைவிற் கொள்க.

வேண்டாம் என்று தீர்மானிப்பவர்களுக்கு

மேற்சொன்னவற்றை எல்லாம் வாசித்த பின், “இது எங்களுக்குச் சரிவராது” என்று தோன்றினால் அதுவே நல்ல தீர்மானம். பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் தீர்மானமும் அதுதான். கடுவனுக்குச் செய்யும் கருத்தடைச் சத்திரசிகிச்சை, பெட்டைக்குச் செய்வதைவிட எளிது. வீட்டை விட்டு ஓடுவதும் சண்டையிடுவதும் குறையும். விதையில் புற்றுநோய் வர வாய்ப்பில்லை. வயது போன பின் புரொஸ்ரேற் சுரப்பி வீங்கும் தொல்லையும் குறையும். காவல் காக்கும் குணம் இதனால் போய்விடுவதில்லை. உடல் பருக்கக்கூடும் என்பதால் உணவை அளந்து கொடுத்தால் சரி. பெரிய இனங்களுக்கு எந்த வயதில் செய்வது நல்லதென்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

பெட்டை வளர்ப்பவர்களும் குட்டி வேண்டாமென்றால் சத்திரசிகிச்சையையே நாட வேண்டும். காலத்துக்குக் காலம் ஏற்றும் கருத்தடை ஊசியினால் கருப்பையில் சீழ் பிடித்து உயிராபத்து ஏற்பட்ட நாய்கள் உண்டு.

சிக்கலான பிரச்சினைகளுக்கு, நாட்டின் ஒரேயொரு மிருக வைத்திய பீடம் அமைந்துள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையை நாடலாம். சாதாரண ஆலோசனைக்கு உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியர் அலுவலகமே போதும். ஆடு மாடுகளுக்கு மட்டுமே அது என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

சகோதரிகளே, அடுத்த தடவை ஒருவர் வாசலில் வந்து உங்கள் கடுவனைக் கேட்கும்போது, எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: “பெட்டைக் குட்டிகள் பிறந்தால் யாருக்குக் கொடுப்பதாக இருக்கிறீர்கள்? பெயரைச் சொல்லுங்கள்.” குட்டியைப் பொறுப்பேற்க விருப்பமுள்ள நான்கு வீடுகளின் பெயரை அவரால் சொல்ல முடிந்தால், கூடுதலாகப் பிறப்பவற்றில் இரண்டை நீங்களும் ஏற்கச் சம்மதித்தால், மேற்கொண்டு பேசுங்கள். இல்லையென்றால் தேநீர் கொடுத்து அன்போடு அனுப்பிவிடுங்கள். அயலவரின் மனம் அன்று சற்று நோகலாம். ஆனால் ஒரு தாய் நாய் குட்டிகளைத் தேடி வளவெல்லாம் அலையும் நிலையும், ஒரு சிறுமி பதிலில்லாத கேள்வியைத் தன் தாயிடம் கேட்கும் நிலையும் உங்கள் வீட்டினால் ஏற்படாது. சிந்தித்துச் செயற்படுவோம்.